கட்டணம் இல்லை, கணக்கு இருந்தது: குடியாத்தம் வட்டாரத்தில் ஒரு பொறியியல் மாணவர், 2021 முதல் 2025 வரை

வேலூர் மாவட்டத்தில் அரசு மேல்நிலைப் பள்ளி ஒன்றில் கணித ஆசிரியராக இருந்து ஓய்வு பெற்றவன் நான். பிளஸ் டூ முடித்த பிள்ளைகள் அடுத்து என்ன படிப்பது என்று கேட்டு இன்னும் வீட்டுக்கு வருகிறார்கள். அவர்களில் ஒருவரின் நான்கு ஆண்டுகளை அவருடைய குடும்பத்தின் ஒப்புதலோடு இங்கே பதிவு செய்கிறேன். பெயர், ஊர், கல்லூரி எதையும் குறிப்பிடவில்லை. தொகைகள் பெரும்பாலும் அந்தத் தாயார் எழுதி வைத்த நோட்டுப் புத்தகத்திலிருந்து எடுத்தவை.

பின்னணி

குடியாத்தத்திலிருந்து பேரணாம்பட்டு போகும் சாலையை ஒட்டிய கிராமம். தாயார் ஷூ கம்பெனியில் அப்பர், அதாவது ஷூவின் மேல்பகுதி, தைக்கும் டெய்லர். காலை ஆறேமுக்காலுக்குக் கம்பெனி வேன் வரும், வீடு திரும்ப இரவு ஏழாகும். தந்தை தோல் பதனிடும் ஷாப்பில் வேலை பார்த்து, முதுகுத் தண்டில் கோளாறு வந்து 2018இல் நின்றுவிட்டவர். மூத்த பெண்ணுக்குக் கல்யாணம் முடிந்து அந்தக் கடன் பாக்கி இருந்தது. மகளிர் குழுக் கடன் ஒன்று, வாரத் தவணைக் கடன் ஒன்று. இந்த மாணவர் இரண்டாவது பிள்ளை. கடைசியாக ஒரு தங்கை, அப்போது எட்டாம் வகுப்பு முடித்திருந்தாள்.

மாணவர் ஆறாம் வகுப்பிலிருந்து அரசுப் பள்ளி, தமிழ் வழி. 2021இல் பிளஸ் டூ முடித்தார். முடித்தார் என்பதைவிட முடிக்கப்பட்டார் என்பதே சரி. கொரோனாவால் அந்த ஆண்டு பொதுத் தேர்வு ரத்தானது. பத்தாம் வகுப்பு மதிப்பெண்ணிலிருந்து 50 சதவீதம், பிளஸ் ஒன்னிலிருந்து 20, பிளஸ் டூ செய்முறையிலும் அகமதிப்பீட்டிலுமிருந்து 30 என்று கூட்டி மதிப்பெண் போட்டார்கள். எல்லோரும் பாஸ். இவருடைய பொறியியல் கட்-ஆஃப் 200க்கு 148 வந்தது. ஆனால் பிளஸ் ஒன் கணிதத்தில் இவர் எடுத்தது 41தான். அந்த 41ஐ இந்த 148 மூடி மறைத்துவிட்டது. அன்று எனக்கு இது தோன்றாமல் போனதுதான் என் முதல் தவறு.

ஆகஸ்டில் எடுத்த முடிவும் செப்டம்பரில் மாறியதும்

ஆகஸ்ட் மாதத்தில் வீட்டில் ஏறக்குறைய முடிவாகிவிட்டது. தாயாரின் தம்பி ஆம்பூர் பக்கம் ஷூ கம்பெனி ஒன்றில் சூப்பர்வைசர். கட்டிங் பிரிவில் ஹெல்பராகச் சேர்த்துவிடுவதாகச் சொல்லியிருந்தார்: பிடித்தம் போகக் கையில் 8,500 ரூபாய், பி.எஃப்., இ.எஸ்.ஐ. உண்டு. இன்னொரு வழியாக அரசுத் தொழிற்பயிற்சி நிலையமான ஐ.டி.ஐ.யும் பேசப்பட்டது. அங்கே கட்டணம் கிடையாது, மாதம் 750 ரூபாய் உதவித்தொகையும் உண்டு. மாணவரின் நெருங்கிய நண்பர் அங்கே ஃபிட்டர் பிரிவில் சேர்ந்தார். அவரைப் பற்றிப் பின்னால் வரும்.

பொறியியலுக்கும் விண்ணப்பம் போட்டிருந்தார்கள், ஆனால் யாருக்கும் நம்பிக்கை இல்லை. கலந்தாய்வு மூலம் இடம் கிடைத்தாலும் தனியார் கல்லூரியில் அப்போது ஆண்டுக்கு 50,000 ரூபாய் அளவில் கல்விக் கட்டணம். முதல் பட்டதாரி சலுகை போக மீதியும், ஹாஸ்டலும் அவர்களால் முடியாத காரியம்.

அரசுப் பள்ளியில் படித்தவர்களுக்குப் பொறியியல் போன்ற தொழிற்படிப்புகளில் 7.5 சதவீத உள்ஒதுக்கீடு அந்த ஆண்டுதான் வந்தது. செப்டம்பர் 20 அன்று, இந்த ஒதுக்கீட்டில் சேருபவர்களின் கல்விக் கட்டணம், விடுதிக் கட்டணம், கலந்தாய்வுக் கட்டணம் எல்லாவற்றையும் அரசே ஏற்கும் என்று முதலமைச்சர் அறிவித்தார். மறுநாள் காலையில் மாணவர் என் வீட்டு வாசலில் நின்றார். நான் சொன்னது அப்படியே நினைவிருக்கிறது: “ஃப்ரீன்னு ஆயிடுச்சுல்ல, இதுக்கு மேல யோசிக்க என்ன இருக்கு?”

அந்த ஞாயிற்றுக்கிழமை தாயாரும் அவருடைய தம்பியும் வந்தார்கள். தம்பி பேசவில்லை. தாயார்தான் கேட்டார்: “பீசு இல்லன்னா செலவே இல்லியா சார்? நாலு வருஷம் அவன் கைல இருந்து ஒண்ணும் வராதே. அத்த எந்தக் கணக்குல எழுதறது?”

நான் அதற்குப் பதில் சொல்லவில்லை. பட்டம் வாங்கினால் வாழ்க்கையே மாறிவிடும் என்று பொதுவாக ஏதோ பேசினேன். நியாயமான கேள்விக்கு ஆசிரியர்கள் பிரசங்கத்தைப் பதிலாகக் கொடுப்பது வழக்கம்தான்.

நான் பேசியதெல்லாம் தாயாரின் மனதை மாற்றவில்லை. மாற்றியது 2020 ஊரடங்கு. இரண்டு மாதம் வேன் வரவில்லை, சம்பளமும் வரவில்லை. வீட்டில் எல்லோரும் ஒரே தொழிலை நம்பியிருந்தால் அது நிற்கும்போது அடுப்பும் நிற்கும் என்று அவர் பார்த்துவிட்டார். “ஒருத்தனாவது தோலு வாசன இல்லாத வேலைக்கு போவட்டும்” என்று தம்பியிடம் சொன்னார். முடிவு அப்படித்தான் எடுக்கப்பட்டது.

விருப்பப் பட்டியல்

இந்த நிகழ்வில் மிகப் பெரிய பிழை நடந்த இடம் இதுதான். நடக்க நாற்பது நிமிடம் ஆனது.

கல்லூரிகளையும் பாடப் பிரிவுகளையும் வரிசைப்படுத்தி ஆன்லைனில் பதிவு செய்ய வேண்டும். கலந்தாய்வின் உயிர்நாடியே அந்த வரிசை. மாணவர் குடியாத்தத்தில் ஒரு பிரவுசிங் சென்டருக்குப் போனார். அங்கிருந்த பையன் 43 விருப்பங்களை டைப் செய்து கொடுத்தான், 150 ரூபாய் வாங்கிக்கொண்டான். பிறகு விசாரித்ததில், எங்கள் பள்ளியிலிருந்து அங்கே போன மூன்று பேருக்கும் ஏறக்குறைய அதே வரிசைதான். கட்-ஆஃப் வேறு, ஆள் வேறு, பட்டியல் மட்டும் ஒன்று.

வேலூர் பாகாயத்தில் அரசுப் பொறியியல் கல்லூரி இருக்கிறது, தந்தை பெரியார் பெயரில். அது பட்டியலிலேயே இல்லை. இவருக்கு இடம் கிடைத்திருக்குமா என்பது வேறு விஷயம். கேட்டுப் பார்க்கக்கூட இல்லை. சென்னைப் பக்கத்துக் கல்லூரிகள் மேலே இருந்தன, கட்டடம் பெரிதாக இருந்தவை. பிரிவில் முதலில் கம்ப்யூட்டர் சயின்ஸ், அடுத்து எலக்ட்ரானிக்ஸ் அண்ட் கம்யூனிகேஷன் எனப்படும் இ.சி.இ. ஏன் என்று கேட்டதற்கு “எல்லாரும் அதான் சார் போடறாங்க” என்றார்.

பணம் கட்டிச் சேர்ப்பதாக இருந்தால் இந்தக் குடும்பம் இப்படிச் செய்திருக்காது. பொய்கைச் சந்தையில் ஒரு கன்றுக்குட்டி வாங்கினாலே பல்லைப் பார்த்து, நடக்கவிட்டு, நாலு பேரிடம் விசாரிக்கிறவர்கள் இவர்கள். எல்லாக் கல்லூரிக்கும் விலை பூஜ்யம் என்றதும் விசாரிக்கும் புத்தி தூங்கிவிட்டது. சும்மா வருவதைக் குறை சொல்வதா என்ற கூச்சமும் அதில் இருந்தது என்று பின்னால் தாயாரே சொன்னார். கல்லூரிக்கு விலை இல்லையே தவிர, உள்ளே போடப்போகும் நான்கு ஆண்டுக்கு விலை இருந்தது. அதை வைத்துத்தான் கல்லூரியை எடை போட்டிருக்க வேண்டும். அந்த நாற்பது நிமிடம் அவருக்குப் பக்கத்தில் நான் இருந்திருக்கலாம், இல்லை.

ஸ்ரீபெரும்புதூர் தாண்டி ஒரு தனியார் கல்லூரியில் இ.சி.இ. இடம் வந்தது.

முதல் மூன்று செமஸ்டர்

நவம்பரில் சேர்ந்தார். அந்த மாதம் பெய்த மழையில் மோர்தானா அணை நிரம்பி வழிந்து, கவுண்டன்யா ஆற்றில் வெள்ளம் வந்தது. ஹாஸ்டலுக்குப் போக வாங்கி வைத்த வாளி, பூட்டு, தட்டு எல்லாம் ஒரு வாரம் வீட்டு மூலையில் கிடந்தன. தாயாரின் நோட்டில் அவையே முதல் மூன்று வரிகள். வாளி 180, பூட்டு 120, தட்டு டம்ளர் 210.

அடுத்த பக்கங்களில் தொகை பெருகுகிறது. ஹாஸ்டல் முன்பணம் 5,000, திருப்பித் தரப்படும் என்ற குறிப்போடு. பழைய லேப்டாப் 24,000. இதற்காகத்தான் குழுவில் இரண்டாவது கடன். சீருடை, ஷூ, லேப் கோட், டிராஃப்டர். ரெக்கார்டு நோட்டு ஒரு செமஸ்டருக்கு ஐந்தாறு. ஒரு பக்கத்தின் ஓரத்தில் பசைக் கறை படிந்த கட்டைவிரல் ரேகை இருக்கிறது. வேலைவிட்டு வந்த கையோடு எழுதியிருக்கிறார். அரசு சொன்ன மூன்று கட்டணங்களும் உண்மையிலேயே கேட்கப்படவில்லை. ஆனால் ஒரு பையன் வெளியூரில் இருந்தால் கட்டணம் என்ற பெயரில் வராத செலவுகள் எத்தனை என்பது அந்த நோட்டைப் பார்த்தபின்தான் எனக்குப் புரிந்தது.

படிப்பு வேறு பிரச்சினை. முதல் செமஸ்டரில் மேட்ரிசஸ் அண்ட் கால்குலஸ் என்ற கணிதத் தாளில் தேறவில்லை. பிளஸ் ஒன்னில் 41 வாங்கியவருக்கு அது எதிர்பார்க்கக்கூடியதே. ஆங்கில வழியில் பாடம், எதிரில் நோட்ஸ் எடுக்கும் சக மாணவர்கள், சந்தேகம் கேட்கக் கூச்சம். இரண்டாவது செமஸ்டர் முடிவில் ஐந்து அரியர், அதாவது தேறாமல் பாக்கி நின்ற தாள்கள்.

வீட்டில் இது யாருக்கும் தெரியாது. அரியர் கட்டணத்துக்கான பணத்தை ‘ரெக்கார்டு’ என்று சொல்லி வாங்கியிருக்கிறார். நோட்டில் அந்த மாதங்களில் ரெக்கார்டு செலவு வழக்கத்தைவிட இரண்டு மடங்கு.

2023 பொங்கல்: திரும்பிப் போகமாட்டேன்

பொங்கலுக்கு வந்தவர் காணும் பொங்கல் முடிந்தும் கிளம்பவில்லை. அரியர் விவரம் வெளியே வந்தது. தந்தை கத்தினார். தாயார் மறுநாள் வேலைக்கு லீவு போட்டுவிட்டு என்னிடம் வந்தார். இரண்டு ஆண்டாக அவர் லீவு போட்டதில்லை.

ஒரு அச்சம் அவரை அதிகம் வாட்டியது: நடுவில் நின்றால் நான்கு வருடக் கட்டணத்தையும் கல்லூரி கேட்குமாம், அசல் சான்றிதழைத் தராதாம். யாரோ சொல்லியிருக்கிறார்கள். அசல் சான்றிதழ்களைக் கல்லூரி பிடித்து வைக்கக்கூடாது என்பது தொழில்நுட்பக் கல்வியை ஒழுங்குபடுத்தும் ஏ.ஐ.சி.டி.இ. அமைப்பின் விதி. போன் செய்து கேட்டபோது, பத்தாம் வகுப்பு, பிளஸ் டூ சான்றிதழ்கள் சரிபார்த்த அன்றே திருப்பித் தரப்பட்டது தெரிந்தது. வீட்டுப் பெட்டியில்தான் இருந்தன. பயத்தில் தேடிப் பார்க்கவே இல்லை.

அடுத்த செமஸ்டர் தொடங்க மூன்றரை வாரம் இருந்தது. மாமா அழைத்துப் போய்க் கட்டிங் பிரிவில் தினக்கூலிக்கு நிறுத்தினார். பையனுக்குப் புத்தி வரட்டும் என்பதற்காக இதைச் செய்ததாக ஊரில் பேசிக்கொண்டார்கள். மாமா என்னிடம் சொன்ன காரணம் வேறு: “அவன் இங்க சந்தோஷமா இருந்தா இருக்கட்டும் சார். காலேஜு ஒண்ணும் கோயில் இல்ல.” இந்த முழு நிகழ்விலும் தெளிவாக யோசித்தவர் அவர் என்று இப்போது நினைக்கிறேன்.

அந்த மூன்றரை வாரத்தில் மாணவர் கவனித்தது எனக்கு முக்கியமாகப் பட்டது. நாள் முழுக்க நிற்பது அவருக்குக் கஷ்டமாக இல்லை. மெஷின் பழுதானபோது மெயின்டனன்ஸ் ஆள் வந்து போர்டைக் கழற்றிப் பார்த்ததை அரை மணி நேரம் நின்று பார்த்திருக்கிறார். “அதுல ரெண்டு காம்போனென்ட் எனக்குத் தெரிஞ்சுது சார்” என்றார். இ.சி.இ. படிப்பு தனக்கு எதற்காவது உதவும் என்று அவர் சொல்லிக் கேட்டது அதுவே முதல் தடவை.

எடுத்த முடிவும் அதன் காரணமும்

பிப்ரவரி முதல் வாரம் என் வீட்டுத் திண்ணையில் எல்லோரும் உட்கார்ந்தோம். தாயார் 2021இல் கேட்ட கேள்விக்கு அன்றுதான் பதில் எழுதினோம், நாள்காட்டித் தாளின் பின்பக்கத்தில். நவம்பர் 2021 முதல் ஜூன் 2025 வரை 44 மாதம். மாதம் 8,500 என்று, சம்பள உயர்வு இல்லாமல் வைத்தாலும் 3,74,000 ரூபாய். கைச்செலவு ஒரு லட்சத்தைத் தாண்டும். அரசு கட்டுவது போக இந்தக் குடும்பம் பட்டத்துக்குக் கொடுக்கும் விலை ஏறக்குறைய ஐந்து லட்சம்.

தாளைப் பார்த்துவிட்டு மாணவர் கொஞ்ச நேரம் பேசவில்லை. இலவசமாகப் படிக்கிறோம் என்று நினைத்திருந்தவருக்கு, அம்மாவின் காசில் படிக்கிறோம் என்பது அப்போதுதான் உறைத்தது.

போன 15 மாதம் போனதுதான், அதற்காகத் தொடர வேண்டியதில்லை. இனி வரும் 29 மாதம் தகுமா என்று மட்டும் பார்ப்போம் என்று பேசினோம். கெடு ஒன்று வைத்தோம். வரும் தேர்வில் ஐந்தில் மூன்று அரியரையாவது முடிக்க வேண்டும். முடியாவிட்டால் கல்லூரியை விட்டு ஐ.டி.ஐ.யில் சேர்வது, அதை யாரும் தோல்வி என்று பேசக்கூடாது. இந்தக் கடைசி நிபந்தனையைப் போட்டது மாமா. தந்தை அதற்கு மட்டும் சம்மதிக்க நேரம் எடுத்தார்.

கணிதத்துக்கு நான் பொறுப்பெடுத்துக்கொண்டேன். ஞாயிறுதோறும் இரவு போனில் ஒரு மணி நேரம், தமிழில். ஐகன் மதிப்பு என்றால் என்ன என்று தமிழில் சொல்லிப் புரிந்த பிறகு அவரே ஆங்கிலத்தில் எழுதிவிட்டார். கணிதம் அவருக்கு வராமல் இல்லை, மொழிதான் குறுக்கே நின்றிருக்கிறது. முதல் செமஸ்டரிலேயே இதைச் செய்திருக்கலாம்.

முடிவு வந்தபோது மூன்று அரியரை முடித்திருந்தார். புதிதாக ஒன்று சேர்ந்திருந்தது. தொடர்ந்தார்.

அதன் பிறகு

மூன்றாம் ஆண்டைப் பற்றிச் சொல்லப் பெரிதாக ஒன்றுமில்லை. அரசின் நான் முதல்வன் திறன் பயிற்சித் திட்டத்தில் ஒரு பயிற்சி முடித்தார். நான்காம் ஆண்டில், 2024 ஆகஸ்டில் அரசுப் பள்ளியில் படித்த ஆண் மாணவர்களுக்கான தமிழ்ப் புதல்வன் திட்டம் தொடங்கி மாதம் 1,000 ரூபாய் வங்கிக் கணக்கில் வந்தது. பெண்களுக்குப் புதுமைப் பெண் திட்டத்தில் 2022 செப்டம்பரிலிருந்தே இது உண்டு. இவருக்குக் கடைசி ஆண்டில்தான் கிடைத்தது. அன்றிலிருந்து வீட்டிலிருந்து கைச்செலவுக்குப் பணம் வாங்கவில்லை. ‘பிளேஸ்மென்ட் டிரெய்னிங்’ என்று கல்லூரியில் 6,000 ரூபாய் கேட்டார்கள். கட்டாயமா என்று எழுத்தில் கேட்கச் சொன்னேன். கட்டாயமில்லை என்றார்கள்.

2025 மே தேர்வோடு எல்லாத் தாளும் முடிந்தன. ஆகஸ்டில் ஒரகடத்தில் எலக்ட்ரானிக்ஸ் உதிரிபாகம் தயாரிக்கும் நிறுவனத்தில் டிரெய்னியாகச் சேர்ந்தார். கையில் 16,800. அறை வாடகைப் பங்கு, மெஸ், போக்குவரத்து போக வீட்டுக்கு 7,000 அனுப்புகிறார்.

ஃபிட்டர் படித்த நண்பர் 2023இல் ஐ.டி.ஐ. முடித்து, ராணிப்பேட்டை சிப்காட்டில் ஓராண்டு அப்ரண்டிஸ் இருந்து, அங்கேயே வேறொரு நிறுவனத்தில் சேர்ந்தார். ஓவர்டைமோடு 18,000 தாண்டுகிறது. தினமும் வீட்டிலிருந்தே போய் வருகிறார், அறை வாடகை இல்லை. வீட்டுக் கடனில் ஒன்றை முடித்துவிட்டார். இன்றைய தேதியில் கணக்குப் போட்டால் அவர்தான் முன்னால் நிற்கிறார். பட்டதாரியின் பக்கத்து பெஞ்சில் அதே டெஸ்டிங் வேலையைப் பார்ப்பவர் டிப்ளமோ படித்தவர். இதை மறைத்து எழுதினால் இந்தப் பதிவுக்கு அர்த்தமில்லை.

மறுபக்கமும் உண்டு. 2025 ஆகஸ்டில் அமெரிக்கா இந்தியப் பொருள்களுக்கு 50 சதவீத வரி போட்டபின் தாயாரின் கம்பெனியில் ஓவர்டைம் நின்றது. சில வாரங்கள் ஐந்து நாள்தான் வேலை. அந்த மாதங்களில் ஒரகடத்திலிருந்து வந்த 7,000தான் தவணையைக் கட்டியது. 2021இல் கட்டிங் பிரிவில் சேர்ந்திருந்தால் அவருக்கும் அதே வாரங்களில் அதே குறைப்பு விழுந்திருக்கும். தாயார் ஊரடங்கை வைத்துப் போட்ட கணக்கு இந்த ஒரு விஷயத்தில் தப்பவில்லை. ஆனால் தோல் தொழிலுக்கு வெளியே போக நான்கு ஆண்டுப் பொறியியல்தான் வழி என்று இதிலிருந்து சொல்ல முடியாது. ஃபிட்டர் நண்பரும் வெளியேதான் இருக்கிறார்.

பட்டம் இருப்பதால் அரசுப் பணிக்கான குரூப் 2 போன்ற தேர்வுகளை எழுதலாம். எழுதப் போவதாகச் சொல்கிறார். புத்தகம் வாங்கியிருக்கிறார், இன்னும் பிரித்ததாகத் தெரியவில்லை.

மாற்றிச் செய்யக்கூடியவை

இன்று இதே குடும்பம் வந்தால், சேரலாமா வேண்டாமா என்பதற்கு முன் எந்தக் கல்லூரி, எந்தப் பிரிவு என்று கேட்பேன். விருப்பப் பட்டியலை என் மேஜையில் வைத்துப் போடுவோம். ஒவ்வொரு கல்லூரியிலும் அரசுப் பள்ளியிலிருந்து போய் அங்கே இரண்டாம் ஆண்டு படிக்கும் ஒருவரிடமாவது பேசாமல் அந்தப் பெயரை எழுதவிட மாட்டேன். வீட்டிலிருந்து போய்வரக்கூடிய கல்லூரி முதலில் வர வேண்டும் என்றும் சொல்வேன். விடுதி இலவசம் என்றாலும் விடுதி வாழ்க்கை இலவசமில்லை.

பிளஸ் ஒன் மதிப்பெண்ணைத் தனியாக எடுத்துப் பார்ப்பேன். சேர்வதற்கு முந்தைய ஆறு வாரத்தில் கணிதத்தைத் தமிழில் சொல்லிக்கொடுத்து ஆங்கிலச் சொற்களைப் பழக்கியிருந்தால், ஐந்து அரியரில் குறைந்தது மூன்று விழுந்திருக்காது என்பது என் கணிப்பு.

2023இல் நாள்காட்டித் தாளில் எழுதியதை 2021லேயே எழுதியிருக்க வேண்டும். எழுதியிருந்தாலும் தாயார் ஒருவேளை இதே முடிவைத்தான் எடுத்திருப்பார். ஆனால் பையன் அரியரை ஓராண்டு ஒளித்து வைத்திருக்க மாட்டான். சும்மா கிடைத்ததைத் தொலைத்தால் யாருக்கும் நஷ்டமில்லை என்ற நினைப்புதான் அவனை ஒளிக்க வைத்தது. அந்த நினைப்பை விதைத்ததில் “யோசிக்க என்ன இருக்கு” என்ற என் வாக்கியத்துக்கும் பங்குண்டு.

தங்கை

தங்கை 2025இல் பிளஸ் டூ முடித்தாள். பொறியியலுக்கு விண்ணப்பிக்கவில்லை. குடியாத்தம் அரசு திருமகள் மில்ஸ் கல்லூரியில் பி.காம். சேர்வதற்கு முன் இரண்டு முறை தானே போய்ப் பார்த்து, மூன்றாம் ஆண்டு மாணவிகள் இருவரிடம் வகுப்பு ஒழுங்காக நடக்கிறதா என்று கேட்டுவிட்டு வந்தாள். பட்டம் எதற்கு என்ற கேள்விக்கு அண்ணனைவிட அவளிடம் தெளிவான பதில் இருந்தது: “மூணு வருஷம் கல்யாணப் பேச்சு எடுக்க மாட்டாங்க சார். அந்த மூணு வருஷத்துல கணக்கு வேலை கத்துக்குவேன்.” சனிக்கிழமைகளில் ஊரில் ஒரு ஆடிட்டர் அலுவலகத்தில் உட்கார்ந்து டேலி என்ற கணக்கு மென்பொருள் பழகுகிறாள்.

தாயார் அவளுக்குத் தனி நோட்டுப் போட்டிருக்கிறார். முதல் பக்கத்தில் “டவுன் பஸ் – 0” என்று எழுதி, அதன் கீழே, “4.40 பஸ் வரலன்னா ஷேர் ஆட்டோ – 20” என்று இருக்கிறது.